ஒன்றரையடி

ஓட்டையப் பத்தித்தான கேக்கிய தம்பி? அந்தப் படக வாங்குற ஆளு என்னைக்காவது ஒருநாள் இந்தப் படியேறி வந்து கேப்பாவன்னு எனக்குத் தெரியும். உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், கால் ஆடும். இந்தப் பாய்ச் சுருள் மேலயே உக்காருங்க, ஒண்ணும் ஆகாது, மத்தியானம் நானே அதுலதான் தலைய சாய்ப்பேன். கையில என்ன, பாலித்தீன் கவர்? இருக்கட்டும், அத அப்புறம் பாப்போம். மொதல்ல ஓட்டைய முடிச்சிருவோம்.

பன்னெண்டு எண்ணுனியளா? மொத்தம் பதினாறு தம்பி. பக்கத்துக்கு எட்டு. மிச்சம் நாலு இப்ப இருக்கிற தண்டவாளத்துக்கு அடியில கெடக்கு. வெள்ளைப் பிசின் வச்சு அடைச்சு, மேல பெயிண்டு அடிச்சிருக்கு. வெயில் சாஞ்சு விழுந்தா அம்மைத் தழும்பு மாதிரித் தெரியும். போட்டது என் கொழுந்தன் கஸ்பார். அடைச்சதும் அவன்தான். அடைக்க வச்சது நான். பக்கத்துல குடை புடிச்சு நின்னு, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி அடைக்க வச்சேன். மழைக்கு ஒழுகுதுன்னு சொன்னியல்லா, அவன் அடைச்சது வேற எப்படி இருக்கும்.

உங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் சொல்லுதேன். முன்பாயோட கீழ் மூலையக் கட்டி இழுக்கிற கயித்த நாங்க தாமான்னு சொல்லுவோம். அந்தத் தாமான் நேரா ஆளு கைக்கு வராது, மேல்தட்டுல ஒரு கப்பிக்குள்ள நொழைஞ்சுதான் வரும். கப்பிய முன்ன பின்ன நகட்டுறதுக்குத்தான் தண்டவாளம். கப்பி ரொம்ப முன்னால இருந்துச்சுன்னா தாமான் பாயக் கீழ பாத்தே இழுக்கும், பின்விளிம்பு விறைச்சுக்கும், அடிப்பக்கம் தொளதொளன்னு பையாத் தொங்கும். ரொம்பப் பின்னால போச்சுன்னா அடி விறைச்சு, உச்சி படபடன்னு அடிச்சுக்கும். நடுவுல ஒரு எடம் இருக்கு. அங்க வச்சாத்தான் பாய் பாயா நிக்கும், படகு காத்த எதுத்துப் போவும். அந்த எடம் தப்பிச்சுன்னா தண்டவாளம் வச்சவன ஒருத்தனும் கேக்க மாட்டான். பாயத் தச்சவளத்தான் கேப்பான்.

பையாத் தொங்குறதுக்கு எங்க பேச்சுல வயிறுன்னு பேரு. பாய்க்கு வயிறு. வேற வார்த்தை கெடையாது. இத மனசுல வச்சுக்கோங்க.

எங்க வீட்ல இருந்தாவளே, இன்னாசி, அவிய போய் பதினோரு வருசமாச்சு. ரெண்டு பொண்ணு. அவிய பாயத் தச்ச எடத்துல நான் உக்காந்தேன். துறைமுகத்துல பொம்பள ஒருத்தி தனியா இருந்து தொழில் பண்ணுனா எப்படிப் பேசுவானுவன்னு உங்களுக்குச் சொல்லணுமா? துணி கொண்டு வாரவன் பத்து நிமிசம் கூட நின்னு தண்ணி வாங்கிக் குடிச்சா அதுக்கு ஒரு பேச்சு. படகுக்காரன் அளவு கேக்க வந்தா அதுக்கு ஒரு பேச்சு. நான் கதவத் தெறந்து போட்டுத்தான் தைப்பேன். வெயிலானாலும் மழையானாலும் தெறந்துதான் கெடக்கும். பேர் கெட்டுரக் கூடாது பாருங்க, அது ஒண்ணுதான் எனக்கு. தையல்லயும் சரி, மத்ததுலயும் சரி.

தையல்ல ஒருத்தன் என்னக் கொறை சொல்லட்டும். அந்தச் சுவரப் பாருங்க. தச்ச பாய் ஒவ்வொண்ணுக்கும் அளவு எழுதியிருக்கேன், நீலப் பென்சில்ல. எந்த அளவு எழுதுனாலும் மேல சின்னதா ஒரு சிலுவை போட்டுத்தான் எழுதுவேன். சுவத்துல எழுதுனாலும் சரி, துண்டுச் சீட்டுல எழுதுனாலும் சரி. அந்தச் சிலுவைக்குக் கீழ இருக்கிற நம்பர் இதுவரைக்கும் தப்புனதில்ல.

உங்க படகு அப்ப வைகுண்டமணி அண்ணாச்சிகிட்ட இருந்துச்சு. உப்பளத்து அண்ணாச்சி, அவியகிட்டயிருந்துதான நீங்க வாங்குனிய. கொச்சியில ஒரு வெள்ளக்காரன்ட்ட வாங்கி, கரையில ஏத்தி வச்சு, கொழும்பு போய்ட்டு வரணும்னு எல்லாத்தையும் புதுசா மாத்துனாவ. முன்பாய் என் பொறுப்பு. தண்டவாளம் கஸ்பார் பொறுப்பு. அண்ணாச்சி எனக்குப் போன் போட்டு, பாய இறக்காம அப்படியே சுருட்டி வைக்கிற உருளை ஒண்ணு வருது ரெஜினா, பாய் அது மேல ஒன்றரையடி ஒசந்துதான் நிக்கும், அதுக்குத் தக்கன பாத்துக்கோன்னாவ. பாத்துக்கிட்டேன். பாயோட ஒசரத்துல ஒன்றரையடி கொறச்சுத் தச்சேன். அதான என் வேலை? ஒரு நூல் பிசகு கெடையாது.

கஸ்பார் ஒருநாள் வந்து இந்த வாசல்ல நின்னான். தண்டவாளம் எங்க வரணும் மயினின்னு கேட்டான். படகு கரையில நிக்கி, பாய் என் தரையில விரிச்சுக் கெடக்கு. அன்னைக்குன்னு பாத்து பெரியவளுக்குப் பரீட்சை, சின்னவளுக்குக் காய்ச்சல், மெஷின்ல ஊசி ஒடிஞ்சு போச்சு. என்னத்தையோ சொல்லி அனுப்புனேன். அளவு சொன்னேனோ, கண்ணால பாத்து வச்சுக்கோலன்னு சொன்னேனோ, அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம். ஓட்டை போடுறவன் அவன். படகத் தண்ணியில எறக்கி, பாய ஏத்தி, கப்பிய ஒரு கயித்துல சும்மா கட்டிப் பாத்துட்டுல்லா துளை போடணும்? அண்ணாச்சி அவசரப்படுத்துனாவளாம். அவசரப்படுத்துனா போட்டுருவானா?

தண்டவாளமும் ரெண்டே அடி. அண்ணாச்சி வாங்குனது. அதுக்கு மேல நகட்ட எடமில்ல.

ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு எல்லாரும் படகு கட்டுற ஜெட்டியில நிக்காவ. பெரிய கோயில்ல இருந்து நேரா வந்த கூட்டம். அம்பது பேரு இருப்பாவ. படகு போச்சு, பாய் விரிஞ்சுச்சு, ஒரு வட்டம் போட்டுத் திரும்புச்சு. எனக்கு அங்கயிருந்தே தெரிஞ்சு போச்சு. அடிப்பக்கம் பையாத் தொங்குது. படகு முன்னால போவாம பக்கத்துல நழுவுது. கஸ்பார் கப்பியக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளிப் பாக்கான், அப்பவும் தொங்குது. என்னாச்சுடேன்னு கரையில நின்ன யாரோ சத்தம் போட்டுக் கேட்டான்.

கஸ்பார் முன்தலையில நின்னுக்கிட்டு, ரெண்டு கையையும் வாயில குவிச்சு வச்சுக் கத்துனான்.

"மயினிக்கு வயிறு வந்திருக்கு."

இதான் என் காதுல விழுந்துச்சு. அம்பது பேரு காதுலயும் இதான் விழுந்துச்சு. மயினி பாய்க்குன்னுதான் சொன்னேன், காத்து முழுங்கிருச்சுன்னு அவன் பின்னால சொன்னான். காத்து அவ்வளவு பாத்துப் பாத்தா முழுங்கும் தம்பி? அந்த ஒரு வார்த்தைய மட்டும்?

மொதல்ல ஐஸ் கட்டி விக்கிறவன் ஒருத்தன் சிரிச்சான். அவன் சிரிக்கவும் மொத்த ஜெட்டியும் சிரிச்சுச்சு. புருசன் செத்து ஏழு வருசமான பொம்பள நான் அங்க நிக்கேன், ரெண்டு பொண்ணையும் கையில புடிச்சுக்கிட்டு. சேலைய இழுத்து வயித்த மூடுனேன். என்னத்துக்கு மூடுனேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அத வேற பாத்துட்டுச் சிரிச்சானுவ.

சாயங்காலத்துக்குள்ள தெருவெல்லாம் பரவிருச்சு. கோயில்ல பொம்பளைங்க என் மூஞ்சியப் பாக்கல, வயித்தப் பாத்தாவ. திங்கக்கெழம சின்னவ பள்ளிக்கூடத்துல இருந்து வந்து பைய வச்சுட்டு மூலையில போய் உக்காந்துக்கிட்டா. சாப்பிடல. என்னட்டின்னு கேட்டேன். உங்கம்மாவுக்குத் தம்பிப் பாப்பா பொறக்கப் போவுதாமேன்னு கேட்டாளுவளாம். அப்ப அவளுக்குப் பத்து வயசு.

அந்த ராத்திரியே முடிவு பண்ணிட்டேன். இவன் அம்பது பேருக்கு முன்னால என்ன செஞ்சானோ அதையே நான் அம்பது பேருக்கு முன்னால அவனுக்குச் செய்வேன்னு.

கஸ்பார் வந்தான், வராம இல்ல. பாயத்தான் மயினி சொன்னேன், மாதா மேல சத்தியம்னான். கையில இருந்த கத்தரிக்கோல விட்டெறிஞ்சேன். நெலையில பட்டு முனை ஒடிஞ்சுச்சு. அந்தா தொங்குது பாருங்க, இன்னும் வச்சிருக்கேன். மூணு தடவை வந்தான். மூணாந்தடவை கதவச் சாத்தித் தாப்பாப் போட்டேன். நான் கதவச் சாத்துனது அந்த ஒரு தடவைதான்.

அதோட போச்சா? அண்ணாச்சி பாயத் திருப்பி அனுப்பிட்டாவ. தையல் சரியில்ல, வேற ஆள வச்சுக்கிடுதோம்னு. படகு ஓட்டச் சொல்லிக் குடுக்கிற பள்ளிக்கூடத்துல ஆறு சின்னப் பாய் தைக்கச் சொல்லியிருந்தாவ, அவங்களும் வேண்டாம்னுட்டாங்க. ஆக ரெண்டு பேரும் போச்சு எனக்கு. பொம்பளைங்கிற பேரும் போச்சு, தையக்காரிங்கிற பேரும் போச்சு. வயித்தெரிச்சல் தாங்க மாட்டாம ரெண்டு நாள் சோறே எறங்கல.

மூணாம் நாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போய் நின்னேன். ஒரு மணி நேரம் படகக் குடுங்க, வர்ற ஞாயித்துக்கெழம, பூசை முடிஞ்ச பொறவுன்னேன். அண்ணாச்சி நல்ல மனுசன், சரின்னாவ. நான் வீடு வீடாப் போய்ச் சொன்னேன். ஐஸ் விக்கிறவன்கிட்டயும் நானே போய்ச் சொன்னேன். கண்டிப்பா வந்துருன்னேன்.

வந்தாவ. போன வாரத்த விட ஜாஸ்தி.

சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு ஏறுனேன். அதே பாய், ஒரு தையல் பிரிக்கல, மாத்தல. பாயோட முன்விளிம்புல மூணு எடத்துல செவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தேன். காத்து எப்படிப் போவுதுன்னு அது காட்டிக் குடுக்கும். இன்னொரு கப்பிய எடுத்து, தண்டவாளத்துக்குப் பின்னால ஓரக் கம்பியில கயித்தப் போட்டுக் கட்டி, தாமான அதுக்குள்ள விட்டேன். நகட்டிக் கட்டுனேன், பாத்தேன், அவுத்தேன், மறுபடி கட்டுனேன். நாலாவது கட்டுல மூணு நூலும் ஒண்ணு போல நேரா பறந்துச்சு. வயிறு இருந்த எடம் தெரியல. படகு நிமுந்து போச்சு பாருங்க, அண்ணாச்சி ஏ யப்பான்னு வாயத் தெறந்துட்டாவ. கஸ்பார்தான் சுக்கான் புடிச்சிருந்தான்.

முழக்கோல வச்சு அளந்தேன். அவன் வச்ச தண்டவாளத்து நடுவுக்கும் நான் கட்டுன எடத்துக்கும் ஒன்றரையடி. கரெக்டா ஒன்றரையடி.

ஜெட்டிக்கு வந்து கயித்தக் கட்டுன பொறவு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிக் கேட்டேன்.

"ஏல கஸ்பாரு, யாரு குடுத்த அளவுல இந்த ஓட்டையப் போட்ட?"

அவன் சட்டைப் பையில கைய விட்டான். விட்ட கைய எடுக்கல. என்னையப் பாத்தான். எனக்குப் பின்னால நின்ன பொண்ணுங்கள ஒரு தடவை பாத்தான். பொறவு கைய வெறுமனே வெளிய எடுத்துட்டு,

"என் அளவுதான் மயினி. நான்தான் தப்பா வச்சுட்டேன்"னான்.

கேட்டியளா எல்லாரும்னு நான் கூட்டத்தப் பாத்துத் திரும்புனேன். இனிமே இவன கஸ்பார்னு கூப்பிடாதிய, ஒன்றரையடின்னு கூப்பிடுங்கன்னேன். சிரிச்சாவ. அதே ஆளுக, அதே சிரிப்பு, ஐஸ்காரன் அன்னைக்கும் மொத ஆளாச் சிரிச்சான். எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு தம்பி. பொய் சொல்ல மாட்டேன்.

பொறவுதான் ரெண்டு நாள் குடை புடிச்சு நின்னு ஓட்டைய அடைக்க வச்சது. உள்ள எறங்கி நட்டக் கழட்டுனான், மேல வந்து பிசின் வச்சான், மறுபடி உள்ள போய்ப் பலகைய மூடுனான். உள்ள மட்டும் நான் போகல, எனக்குக் குனிய முடியாது. புது ஓட்டைய அவன் கையால போட விடல. வேற ஒரு ஆளக் கூட்டிட்டு வந்து, நானே அணியத்துல, அதான் படகோட முன்முனையில இருந்து அளந்து குடுத்து, தண்டவாளத்தப் பதிச்சேன். பதினஞ்சே முக்கால் அடி. அந்தா சுவத்துல எழுதியிருக்கேன், சிலுவை போட்டு.

எங்க ஊர்ல ஒரு பேரு ஒட்டுச்சுன்னா குழிக்குள்ள வச்சாலும் போவாது. ஒன்றரையடி வாரான், ஒன்றரையடி போறான்னு சின்னப் பயலுவ கூட அவன் பொறத்தால கத்துனானுவ. படகு வேலைக்கு ஒருத்தனும் கூப்பிடல. மணப்பாட்டுல பொண்ணு பேசி வச்சிருந்தாவ, அந்த வீட்டாளு ஒருத்தரு இங்க வந்து டீக்கடையில விசாரிச்சுட்டுப் போனாரு, அதோட அதுவும் நின்னுச்சு. ஆறு மாசத்துல மேக்குக் கரையில இருக்கிற மல்பேக்குப் போயிட்டான். விசைப்படகு ரிப்பேர் பாக்கானாம். போறதுக்கு முந்தி வந்து சின்னவளுக்கு ஒரு பொம்மைக் கப்பல் குடுத்துட்டுப் போனான். அன்னைக்குச் சீலா மீன் வாங்கிக் கொழம்பு வச்சேன். பொண்ணுங்க ரெண்டும் தட்டத் தொடல. நான் சாப்பிட்டேன். நல்லாச் சாப்பிட்டேன்.

நாலு வருசமாச்சு. அவன் பேரச் சொன்னா இப்பவும் எனக்கு ரெத்தம் கொதிக்கும். எக்கேடு கெட்டும் போறான்.

இவ்வளவுதான் தம்பி ஓட்டைக் கதை. சரி, கவர்ல என்ன கொண்டு வந்திருக்கிய, எடுங்க.

அட்டையா? எங்க இருந்துச்சு இது? படுக்கைக்கு மேல இருக்கிற பலகையக் கழட்டும்போதா? நட்டு இருந்த எடத்துல சொருகியிருந்துச்சா? இருங்க, கண்ணாடிய எடுத்துக்கிடுதேன்.

நூல்பெட்டி அட்டை இது. என் நூல்பெட்டிதான், இந்தக் கம்பெனி நூல்தான் நான் வாங்குவேன்.

சிலுவை போட்டிருக்கு.

அணியத்துல இருந்து பதினாலே கால் அடி. நீலப் பென்சில். இந்த நாலு என் நாலுதான், மேல தெறந்து வச்சு. பரீட்சை அன்னைக்கு. பாயத் தரையில விரிச்சு வச்சு அளந்து எழுதிக் குடுத்தேன். ஊசி ஒடிஞ்சு கெடந்துச்சுல்லா, அந்த எரிச்சல்ல பெட்டியக் கிழிச்சு எழுதிக் கையில திணிச்சேன், போல போன்னு. தரையில உருளை எங்க இருந்துச்சு? உருளை மேல பாய் ஒன்றரையடி ஒசந்து போவும்னா தாமான் எடமும் ஒன்றரையடி பின்னால போவும்லா. பாயக் கொறச்சேன். அளவு சொல்லும்போது உருளைய நெனைக்கல. பதினாலே காலும் ஒன்றரையும், பதினஞ்சே முக்கால்.

இதத்தான் அன்னைக்குப் பையில வச்சிருந்தானா. இதப் புடிச்சுக்கிட்டுத்தான் கைய எடுக்காம நின்னானா.

பாவிப்பய. எடுத்துக் காட்டியிருக்கலாம்லா? ஒரு தடவை நீட்டியிருந்தா போதும், நான் அங்கயே கடல்ல விழுந்திருப்பேன். தெரிஞ்சுதான் காட்டல. காட்டாம, பேரையும் வாங்கிக்கிட்டு, இத உள்ள சொருகி வச்சுட்டுப் போயிருக்கான். கிழிச்சுப் போடவும் மனசு வரல பாருங்க அவனுக்கு. என்னைக்காவது நான் பாக்கணும்னுதான வச்சான்? சொல்லுங்க, பின்ன என்னத்துக்கு வச்சான்? நான் அவனப் பழி வாங்குனேன்னு நாலு வருசமா நிம்மதியாச் சோறு தின்னுக்கிட்டு இருக்கேன்.

தம்பி, இத வேற யாருகிட்டயும் காட்டுனியளா?

அண்ணாச்சிகிட்டயா.

அண்ணாச்சிதான் பாத்துட்டு, இது ரெஜினா கையெழுத்து, அவகிட்டயே போய்க் கேளுங்கன்னு அனுப்புனாவளா. எங்க வச்சுக் காட்டுனிய? டீக்கடையில. பக்கத்துல ஆள் இருந்தாவளா? ம். ஐஸ் விக்கிறவன் அங்கதான் எப்பவும் உக்காந்திருப்பான்.

இன்னைக்கு வெள்ளி. நாளன்னைக்கு ஞாயிறு, பூசை இருக்கு. எனக்குன்னு புதுசா ஒரு பேரு யோசிக்கிற செரமம் கூட அவனுவளுக்கு இல்ல. நானே வச்சுக் குடுத்திருக்கேன்.

என்ன சொன்னிய? ஒழுகுறது அந்தப் பதினாறுல இல்லையா? புது ஓட்டையிலயா ஒழுகுது, நான் ஆள் வச்சுப் போட்டதுலயா?

எந்திரிங்க தம்பி. அந்தப் பிசின் டப்பாவ எடுங்க, சுவத்துல சாத்தி வச்சிருக்கிற குடையையும் எடுத்துக்கோங்க. ஒழுகுற ஓட்டை எதுன்னு காட்டுனா நான் அடைச்சுத் தாரேன். நீங்க பக்கத்துல குடை புடிச்சு நில்லுங்க, எண்ணிக்கோங்க.